சரவெடியும் மடக்கையும்: ஒலி வரம்பின் கணக்கு

சிவகாசிச் சரவெடிகளுக்கு வழங்கும் 'நூறு வாலா', 'ஆயிரம் வாலா' என்னும் பெயர்கள் வெடிகளின் எண்ணிக்கையைச் சுட்டுவன. அவற்றின் ஒலி வரம்பைக் கணிப்பதற்கும் அவ்வெண்ணிக்கையே அடிப்படையாகும்.

டெசிபெல் என்பது மடக்கை அளவு. ஒலியாற்றல் பத்து மடங்காயின் 10 டெசிபெல்லும், நூறு மடங்காயின் 20 டெசிபெல்லும் கூடும். 1999 அக்டோபரில் நடுவணரசு வகுத்த விதியின்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் தனிவெடியின் ஒலி 125 டெசிபெல்லை மிஞ்சலாகாது. சரத்தில் இணையும் ஒவ்வொரு வெடிக்கும் இவ்வரம்பு, எண்ணிக்கையின் பத்தடிமான மடக்கையைப் போல் ஐந்து மடங்கு குறையும். எனவே நூறு வெடிகள் கொண்ட சரத்தில் ஒவ்வொன்றும் 115 டெசிபெல்லுக்குள்ளும், ஆயிரம் கொண்டதில் 110 டெசிபெல்லுக்குள்ளும் அடங்குதல் வேண்டும்.

இக்குறைப்பு பாதியளவினதே. நூறு வெடிகளின் ஆற்றலைக் கூட்டினால் 20 டெசிபெல் ஏறும். விதி குறைப்பதோ 10. ஆகவே, விதிக்கு உட்பட்ட நூறு வெடிச் சரமும் தனிவெடியைப் போல் பத்து மடங்கு ஒலியாற்றலை வெளிவிடலாம்; ஆயிரம் வெடிச் சரத்தில் இது ஏறத்தாழ 32 மடங்காகும்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் காற்று மாசு, ஒலி, திடக்கழிவு ஆகியவற்றைக் காரணங்காட்டிச் சரவெடிகளைத் தடைசெய்தது. விதி ஒவ்வொரு வெடியையும் அளந்தது. தீர்ப்பு சரத்தை முழுமையாக நோக்கியது. விருதுநகர் மாவட்டத் தொழிலாளரின் பிழைப்பைத் தொடும் இவ்வேறுபாடு 'ஒலி அளவு' என்னும் ஒரே சொல்லில் மறைந்துவிடுகிறது. 'தனியொலி அளவு', 'தொகையொலி அளவு' எனக் கலைச்சொற்களைப் பிரித்தாளுதல் இதனைத் தெளிவாக்கும்.