குமுறுவது ஸ்பீக்கரா, அறையா?



தோட்டத்துப் பலகை வீட்டில் நன்றாகப் பாடிய ஸ்டீரியோ செட், தாமானில் கல் வீட்டுக்குக் குடிவந்ததும் 'கும் கும்' என்று குமுறத் தொடங்குவது உண்டு. தவில் அடியும் பேஸ் கித்தாரும் ஒன்றோடொன்று குழம்பி, பாடகரின் குரலையே அமுக்கிவிடும். "ஸ்பீக்கர் கெட்டுப் போச்சு, புதுசு வாங்கணும்" என்று வீட்டில் பேச்சு எழும். பணத்தை எடுக்கும் முன் உங்கள் நான்காம் படிவ இயற்பியல் நூலில் அலைகள் பாடத்தைத் திறந்து பாருங்கள். பல வீடுகளில் குற்றவாளி ஸ்பீக்கர் அல்ல. அது வைக்கப்பட்டிருக்கும் அறைதான்.

அறை எப்படிக் குமுறுகிறது?

நம் ஊர் வெப்பத்தில், அதாவது ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸில், ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்கிறது. வேகம் = அதிர்வெண் × அலைநீளம் என்பது உங்களுக்குத் தெரியும். இதன்படி 3500 ஹெர்ட்ஸ் ஓசையின் அலைநீளம் 10 சென்டிமீட்டர்தான். ஆனால் 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஓசையின் அலைநீளம் 7 மீட்டர். பல வீடுகளின் வரவேற்பறையைவிட அது நீளம்!

இந்த நீண்ட அலை ஒரு சுவரில் மோதித் திரும்பி, எதிர்ச்சுவரில் மோதி மீண்டும் வருகிறது. சுவர்களுக்கு இடையேயுள்ள தூரம் அலைநீளத்தில் சரிபாதியாக இருந்தால், திரும்பி வரும் அலையும் புதிதாகப் புறப்படும் அலையும் கைகோத்துக்கொள்ளும். ஊஞ்சல் நம் பக்கம் வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் அது மேலும் மேலும் உயரப் போகும் அல்லவா? அதுபோல அந்த ஒரு சுருதி மட்டும் பெருகிக்கொண்டே போகும். இதுவே ஒத்ததிர்வு. நீங்கள் பள்ளியில் 'ரெசோனன்ஸ்' என்று படிப்பது இதைத்தான்.

கணக்கு எளிது. 350-ஐ அறை நீளத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். அறை 5 மீட்டர் நீளம் என்றால் 350 ÷ 10 = 35 ஹெர்ட்ஸ். அதன் இரண்டு மடங்கான 70, மூன்று மடங்கான 105 ஹெர்ட்ஸிலும் அறை அதிரும். அகலம் 3.5 மீட்டர் என்றால் 350 ÷ 7 = 50 ஹெர்ட்ஸ்; அடுத்தது 100. பாட்டில் வரும் பேஸ் ஓசைகள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன.

பலகை வீட்டிலும் அலை சுவரில் மோதியது. ஆனால் மெல்லிய பலகை, பேஸ் அலை பட்டதும் தானும் அதிர்ந்து அதன் ஆற்றலில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். மற்றொரு பகுதி இடுக்கு வழியாக வெளியேறிவிடும். லயத்தில் ஒரு வீட்டில் பாட்டுப் போட்டால் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம். செங்கல்லும் சிமெண்டும் அப்படி விட்டுக்கொடுப்பதில்லை. பேஸ் ஆற்றலில் பெரும்பகுதியை அறைக்குள்ளேயே திருப்பி அனுப்பிவிடும்.

குற்றவாளியைக் கண்டுபிடிப்போம்

மருத்துவர் மருந்து கொடுக்கும் முன் சோதிப்பதுபோல, நாமும் ஒவ்வொன்றாகச் சோதிப்போம்.

1. பாட்டை நிறுத்துங்கள். செட் மட்டும் ஓடட்டும். அப்போதும் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் கேட்டால் அது அறையின் வேலை அல்ல. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த ஓசை இணைப்பு அல்லது மின்சுற்றுப் பழுதால் வருவது. செட்டைத் திறக்காதீர்கள். தெரிந்தவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

2. பேஸ் திருகு, 'பேஸ் பூஸ்ட்' பொத்தான் ஆகியவற்றைப் பாருங்கள். யாராவது முழுதாக ஏற்றி வைத்திருந்தால் நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள்.

3. அதே பாட்டை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். அதிலும் குமுறினால் அது பாட்டுப் பதிவிலேயே உள்ள குமுறல்.

4. ஹெட்போனில் தெளிவாக இருந்தால், பாட்டை ஓடவிட்டு அறைக்குள் நடந்து பாருங்கள். மூலையில் பேஸ் பலமாகவும் நடுவில் மெலிந்தும் கேட்டால் குற்றவாளி அறைதான். இந்த நிலை அலைகளின் அழுத்தம் சுவரருகே மிக அதிகம்.

5. உறுதி செய்ய, கைப்பேசியில் ஒலி உருவாக்கும் செயலி ஒன்றை இறக்கி, அதைச் செட்டில் இணையுங்கள். சத்தத்தைக் குறைவாக வைத்து, 30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். எந்த எண்ணில் அறை திடீரென்று குமுறுகிறது என்று குறித்துக்கொண்டு, உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். சமையலறைப் பக்கம் திறந்திருந்தால் எண்கள் சற்று மாறும். சிறிய ஸ்பீக்கர்களில் மிகத் தாழ்ந்த ஓசைகள் கேட்காமலும் போகலாம்.

செலவில்லாத வைத்தியம்

முதலில் ஸ்பீக்கரை மூலையிலிருந்து நகர்த்துங்கள். மூலை என்பது இரண்டு சுவரும் தரையும் சேரும் இடம். மூன்றும் பேஸைத் திருப்பி அனுப்பிக் கூட்டுகின்றன. அரை மீட்டர் முன்னே இழுத்தாலே பல வீடுகளில் வேறுபாடு தெரியும். பின்சுவரோடு ஒட்டிய சோபாவையும் சற்று முன்னே தள்ளிப் பாருங்கள்.

சப்வூஃபர் இருந்தால் ஒரு தந்திரம் உண்டு. அதை நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டுப் போடுங்கள். பிறகு சுவரோரமாகக் குனிந்து நடந்து, பேஸ் எங்கே சீராகக் கேட்கிறது என்று தேடுங்கள். அந்த இடத்தில் சப்வூஃபரை வைத்துவிட்டு, நீங்கள் பழைய இடத்தில் உட்காருங்கள். ஒலி புறப்படும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும், இடையில் அறை செய்யும் வேலை மாறாது. அதனால்தான் இது பலிக்கிறது.

ஸ்பீக்கர் பெட்டியில் வட்டத் துளை இருந்தால், அதுவும் பேஸைக் கூட்டுவதற்கே. சுத்தமான பள்ளிக் காலுறை ஒன்றைச் சுருட்டி, உள்ளே விழாதபடி அத்துளையில் செருகினால் குமுறல் குறையும். அலமாரி கடகடத்தால், பெட்டிக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி நான்கு துண்டு வையுங்கள். அதிர்வு பலகைக்குப் போவது குறையும்.

மெத்தை மாட்டினால் போதாதா?

பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதே பெயர் கொண்ட அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில், 1895-இல் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒரு சிக்கல் வந்தது. புதிய விரிவுரை மண்டபத்தில் பேச்சு எதிரொலித்து, ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர் இன்னொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தைகள் கூடக்கூட ஓசை விரைவில் அடங்கியது. கட்டட ஒலியியல் என்ற துறையே அந்த அளவீடுகளிலிருந்துதான் வளர்ந்தது.

ஆனால் அவர் அளந்தது 512 ஹெர்ட்ஸ் ஓசை. அலைநீளம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். 7 மீட்டர் அலைக்கு முன்னால் மெல்லிய மெத்தை நிற்காது. சுவரில் முட்டை அட்டை ஒட்டினாலும் பேஸ் குறையாது. அதற்குச் செலவிட வேண்டாம்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். டெரஸ் வீட்டில் சுவர் இரண்டு குடும்பத்துக்கும் பொது. உயர்ந்த சுருதிகளைத் தடுக்கும் சுவர், பேஸை அவ்வளவு தடுப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை எஸ்.பி.எம். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கலாம். இரவில் பேஸ் திருகைக் குறைப்பது நல்ல அண்டைவீட்டாரின் அடையாளம்.

செய்து பாருங்கள்

அ. அளவு நாடாவால் உங்கள் வரவேற்பறையின் நீளம், அகலம், உயரத்தை அளந்து, மூன்றுக்கும் முதல் ஒத்ததிர்வு எண்ணைக் கணக்கிடுங்கள்.

ஆ. நீளமும் அகலமும் 3.5 மீட்டராக உள்ள சதுர அறையில் குமுறல் ஏன் அதிகம்? குறிப்பு: இரண்டு கணக்கின் விடையையும் ஒப்பிடுங்கள்.

இ. ஸ்பீக்கரை நகர்த்துவதற்கு முன்னும் பின்னும் குமுறிய எண்களை அட்டவணையாக எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.