சென்னையில் கட்டி, டெல்லியில் அவிழ்க்கும்போது

மாற்றல் உத்தரவு வந்த அன்றே பேக்கர்ஸ் கம்பெனிக்கு போன் போட்டு, மொத்த வீட்டையும் ஒப்படைத்துவிடுகிறோம். கிட்டத்தட்ட 2,200 கிலோமீட்டருக்கு அது சுலபமான வழிதான், ஆனால் சிக்கனமான வழி அல்ல. எந்த வீட்டிலும் ரயிலில் போக வேண்டிய சாமான் உண்டு, லாரியில் போக வேண்டியது உண்டு, போகவே வேண்டாததும் உண்டு. இவற்றைப் பிரிப்பதில்தான் பணம் மிச்சமாகிறது. இரண்டு முறை டெல்லிக்குக் குடிபோனதில் நாங்கள் கற்றுக்கொண்டவை இவை.

செய்ய வேண்டியவை

• பார்ட்டிகிள் போர்டு கட்டிலையும் அலமாரியையும் இங்கேயே விற்றுவிடுங்கள். ஒருமுறை கழற்றினால் திரும்பத் திருகு பிடிக்காது. தேக்குக் கட்டில், பித்தளை அண்டா, கிரைண்டர் மூன்றையும் விடாதீர்கள். கிரைண்டர் கல்லை மட்டும் தனியே எடுத்துத் துணி சுற்றிக் கட்டுங்கள்.

• புத்தகம், பாத்திரம், துணி போன்ற கனமான, அடக்கமான, உடையாத சாமானுக்கு ரயில் பார்சல்தான் சரி. இரண்டு நாள் முன்னதாகவே சென்ட்ரல் பார்சல் ஆபீசுக்குப் போய் இடம் இருக்குமா என்று விசாரியுங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் மாதிரி நேரடி வண்டியில்தான் போட வேண்டும். வழியில் வண்டி மாற்ற வேண்டிய மூட்டை ஏதோ ஒரு பிளாட்பாரத்தில் நாள்கணக்கில் கிடக்கும். சாக்கில் வைத்துத் தைத்து, பெயர், முகவரி, போன் நம்பர், போய்ச் சேர வேண்டிய ஸ்டேஷன் எல்லாவற்றையும் வெளியே பெரிதாக எழுதுங்கள். அதையே ஓர் அட்டையில் எழுதி உள்ளேயும் போடுங்கள். எங்கள் மூட்டைகளில் ஒன்று மேலெழுத்து முழுக்க அழிந்து வந்தது. உள்ளே இருந்த அட்டையால்தான் அது கிடைத்தது. போய்ச் சேர்ந்ததும் உடனே எடுத்துவிடுங்கள், தாமதித்தால் வார்ஃபேஜ் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.

• உங்கள் டிக்கெட்டிலேயே இலவச எடை இருக்கிறது. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ, இரண்டடுக்கு ஏசியில் 50 கிலோ. ஸ்லீப்பரில் முழு டிக்கெட்டோடு நான்கு பேர் போனால் 160 கிலோ. அவ்வளவையும் பெட்டியில் ஏற்ற முடியாதுதான். ஆனால் பாதியை எடுத்துப்போனாலும் அந்த அளவு பார்சல் செலவு குறையும்.

• பைக்கையும் அதே பார்சல் ஆபீசில் அனுப்பலாம். ஆர்.சி. நகலும் அடையாள அட்டை நகலும் கேட்பார்கள். டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக்கூடாது.

• பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் இவற்றுக்கு லாரி. முழு வண்டி பிடிக்காமல் பார்ட் லோடு கேளுங்கள். வடக்கே இருந்து சரக்கு கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஊர் திரும்ப லோடு தேடும் வண்டிகள் எப்போதும் இருக்கும். வால்டாக்ஸ் ரோடு பக்கம் உள்ள புக்கிங் ஆபீஸ்களில் 'ரிட்டர்ன் வண்டி இருக்கிறதா' என்று கேட்டுப் பாருங்கள், வாடகை இறங்கும். பார்ட் லோடு வந்து சேர நாள் கூடும் என்பதால், முதல் வாரத்துக்கான குக்கரையும் படுக்கையையும் அதில் ஏற்ற வேண்டாம்.

• 'வாசல் வரையா, குடோன் வரையா?' என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். டெல்லிக்குள் பெரிய லாரிகள் நுழைய நேரக் கட்டுப்பாடு உண்டு. அதனால் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர் மாதிரியான இடத்தில் இறக்கி, சின்ன வண்டியில் மாற்றுவார்கள். அந்த வண்டி வாடகை, இறக்குக் கூலி, மாடிக்கு ஏற்றும் கூலி எல்லாம் யார் தலையில் என்பது சென்னையிலேயே முடிவாக வேண்டும்.

• 'பயன்படுத்திய வீட்டுப் பொருள்கள், விற்பனைக்கு அல்ல' என்று தலைப்பிட்ட பட்டியலில் கையெழுத்திட்டு டிரைவரிடம் கொடுங்கள். ஜிஎஸ்டி விதிகளின்படி பழைய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை. அதன் பெயரில் யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

செய்யக்கூடாதவை

• எல்லாரையும்விடக் குறைவாகச் சொன்னவரிடம் ஓடாதீர்கள். முதல் முறை நாங்கள் அப்படித்தான் செய்தோம். டெல்லியில் வீட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்திக்கொண்டு, 'சொன்னதைவிடச் சாமான் அதிகம், 9,000 ரூபாய் கொடுத்தால்தான் இறக்குவோம்' என்றார்கள். கைக்குழந்தையோடு தெருவில் நிற்பவர்களால் பேரம் பேச முடியுமா? கொடுத்தோம். அந்த நிலை இன்னொருவருக்கு வர வேண்டாம். வீட்டுக்கு வந்து சாமானைப் பார்க்காமல் போனிலேயே தொகை சொல்பவரை நம்பாதீர்கள். எண்ணிக்கையோடு பட்டியலிட்டு இரு தரப்பும் கையெழுத்திடாமல் ஒரு பெட்டியைக்கூட ஏற்ற விடாதீர்கள். ஜிஎஸ்டி எண் 15 இலக்கம் கொண்டது, தமிழ்நாட்டில் பதிவானது 33-இல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அதைத் தட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் தராதீர்கள். முழுத் தொகையை முன்கூட்டியே எப்போதும் தராதீர்கள்.

• நகை, சான்றிதழ், பத்திரம், வெள்ளிக் குத்துவிளக்கு எதையும் மூட்டையில் வைக்காதீர்கள். மதிப்பை அறிவித்து அதற்கான கட்டணம் கட்டாத பார்சல் தொலைந்தால், ரயில்வே தரும் இழப்பீட்டுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய்தான் உச்சவரம்பு.

• கேஸ் சிலிண்டரை ஏற்றாதீர்கள். ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்குங்கள். தரும் வவுச்சரைப் பத்திரப்படுத்துங்கள்.

• பிரிட்ஜைப் படுக்கவைக்காதீர்கள். இறக்கியதும் சுவிட்ச் போடாமல் சில மணி நேரம் நிற்க விடுங்கள்.

• முடிந்தால் மாதக் கடைசியும் மே, ஜூனும் வேண்டாம்.

• எண்ணிப் பார்க்காமல் டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். லோடுமேன்கள் அவசரப்படுத்துவார்கள். அவர்களை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணுங்கள். உடைந்தது, குறைந்தது எதுவானாலும் அந்தச் சீட்டிலேயே எழுதிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். லாரியில் வந்ததற்குப் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் புகார் கொடுத்திருந்தால்தான் வழக்குப் போட முடியும்.