ஆக்சிலரேட்டரின் உயரத்தை பிரேக் தீர்மானிக்கட்டும்

ஆட்டோமேட்டிக் காரை மேனுவலாக மாற்ற நினைப்பவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும்: கியர்பெட்டி, கிளட்ச், ஃப்ளைவீல், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், கிளட்ச் பெடல். ஆக்சிலரேட்டரை யாரும் அதில் எழுதுவதில்லை. அதுதான் ஏற்கெனவே காரில் இருக்கிறதே! டொராண்டோவில் என் பி.எம்.டபிள்யூ. இ36 328ஐ காருக்கு இந்த மாற்றத்தைச் செய்து முடித்தபோது கியர் சொன்னபடி விழுந்தது, கிளட்சும் சரியாகப் பிடித்தது. வலது கால்தான் தடுமாறியது.

ஆட்டோமேட்டிக்கில் வலது காலுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான்: பிரேக், இல்லையென்றால் ஆக்சிலரேட்டர். மேனுவலில் வேகத்தைக் குறைத்தபடியே கீழ்கியருக்கு இறங்கும்போது இரண்டும் ஒரே காலின் பொறுப்பாகிவிடும். பாதத்தின் முன்பகுதி பிரேக்கை அழுத்தியிருக்க, அதன் வலது ஓரம் ஆக்சிலரேட்டரைத் தட்டி எஞ்சின் சுழற்சியை உயர்த்த வேண்டும். 'ஹீல் அண்ட் டோ' என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். அப்படித் தட்டினால் கிளட்சை விடும்போது கார் குலுங்காது. ஆட்டோமேட்டிக்கின் அகலமான பிரேக் பெடல் போய், கிளட்சுக்கு இடம்விட்ட ஒடுங்கிய பெடல் வந்திருப்பதால், கால் தன் இடத்தைப் புதிதாகப் பழகவும் வேண்டும். ஆக்சிலரேட்டர் எட்டாத ஆழத்தில் இருந்தால் கணுக்கால் முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் பெடலில் கைவைத்தேன். அதில் கற்றவை இவை.

கிக்டவுன் சுவிட்சிலிருந்து தொடங்குங்கள்

இந்த ஆட்டோமேட்டிக் காரில் ஆக்சிலரேட்டருக்கு அடியில், தரையில் ஒரு கிக்டவுன் சுவிட்ச் இருக்கும். பெடலைக் கடைசிவரை மிதித்தால் அது அழுந்தி, கீழ்கியருக்கு இறங்கும்படி கியர்பெட்டிக்குச் சொல்லும். மேனுவலில் அந்த வேலை இல்லை. ஆனாலும் அதைக் கழற்றிவிட்டு வெறும் தரையோடு விட்டுவிடக் கூடாது. பெடல் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அந்த இடம்தான் முடிவுசெய்கிறது. தடுப்பு இல்லாவிட்டால் காலின் முழு பலமும் த்ராட்டில் கேபிளில் இறங்கும். கேபிள் தளரும், ஒருநாள் அறும். மேனுவல் காருக்குரிய தடுப்பை வாங்கிப் பொருத்துங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் பெடலை முழுக்க மிதிக்க, இன்னொருவர் பானெட்டைத் திறந்து த்ராட்டிலைப் பார்க்கட்டும். அது முழுக்கத் திறக்கும் அதே கணத்தில் பெடலும் தடுப்பில் உட்கார வேண்டும்.

இன்னும் பழைய ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றில் த்ராட்டிலிலிருந்து கியர்பெட்டிக்குத் தனிக் கேபிள் ஒன்று போகும். அதைக் கழற்றியதும் பெடல் இலேசாகலாம். பெடலைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங்குகள் வலுவாக இருக்கின்றனவா என்று அப்போதே பாருங்கள்.

அளவெடுக்கும் முறை

இரண்டு பெடல்களின் உயர வித்தியாசத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து, ஸ்கார்பரோவில் கராஜ் வைத்திருக்கும் அண்ணை ஒருவர் சொன்னார்: "தம்பி, முதல்ல எஞ்சினைப் போட்டு பிரேக்கை இறுக்கி அமத்திப் பிடி. பிறகு அள."

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். சும்மா இருக்கும்போது பிரேக் பெடல் ஆக்சிலரேட்டரைவிட மிக உயரமாகத் தெரியும். எஞ்சின் ஓடி, பூஸ்டர் உதவியோடு அவசரத்துக்கு மிதிப்பதுபோல் மிதித்தால் அது கணிசமாகக் கீழே போகும். அப்போது இருக்கும் வித்தியாசம்தான் உண்மையான வித்தியாசம். காரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

அப்படி அழுத்திய நிலையிலும் பிரேக் பெடல் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை மேலே இருக்கும்படி வைத்தேன். இரண்டும் சமமாக இருந்தால் தட்டுவது இன்னும் சுலபம்தான். ஆனால் பிரேக் சூடேறினால் பெடல் மேலும் ஆழத்துக்குப் போகும். இரண்டு பிரேக் சுற்றுகளில் ஒன்று செயலிழந்தாலும் அப்படியே. அந்த நேரத்தில் பிரேக்கை மிதிக்கும் கால் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிக்கக் கூடாது.

உயர்த்துவதும் அகலப்படுத்துவதும்

இ36-இன் ஆக்சிலரேட்டர் தரையில் கீல்போட்ட பிளாஸ்டிக் பெடல். கழற்றும்போது அடியிலுள்ள கொக்கிகள் எளிதில் உடையும் என்பதால் புதிய பெடல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்குங்கள். அதன்மேல் அலுமினியத் தகடு, தேவைப்பட்டால் நடுவே ஒரு ஸ்பேசர், தளராத லாக் நட். பின்பக்கம் நீட்டும் போல்ட் முனையை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கார்பெட்டில் மாட்டும்.

உயரத்தைக் கூட்டுவதற்கு முன் அகலத்தை முயன்று பாருங்கள். தகட்டின் இடது ஓரத்தை பிரேக் பக்கம் சற்றே நீட்டினாலே பல கால்களுக்குப் போதும். எவ்வளவு நீட்டுவது என்பதை கோடைக்காலச் சப்பாத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். கனடாவில் நான்கைந்து மாதம் பனிக்காலப் பூட்ஸோடுதான் ஓட்டுகிறோம். அதன் அகலத்துக்கு இரண்டு பெடல்களும் ஒன்றாக அழுந்துமானால் தகட்டை அரத்தால் தேய்த்துக் குறைக்க வேண்டும்.

ஆக்சிலரேட்டரை உயர்த்தச் சோம்பி பிரேக் பெடலைத் தாழ்த்த முயல்கிறவர்கள் உண்டு. பிரேக் பெடலை வளைக்காதீர்கள், சூடாக்காதீர்கள், அதன் புஷ்ராடைத் தொடாதீர்கள். அங்கே இருக்க வேண்டிய சிறு தளர்வு போய்விட்டால் பிரேக் முழுதாக விடுபடாமல் உரசிச் சூடேறும்.

திரும்பி வருகிறதா?

அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்புத் தரம் 124, சாதாரணக் கார்களில் காலை எடுத்த 1 விநாடிக்குள் த்ராட்டில் ஐடில் நிலைக்குத் திரும்ப வேண்டும் என்கிறது. அதைத் திருப்ப ஒன்றையொன்று சாராத இரண்டு விசைகளாவது வேண்டும் என்றும் கேட்கிறது. நம் தகடும் போல்ட்டும் அந்தத் திரும்புதலை ஒரு மயிரிழையும் தாமதப்படுத்தக் கூடாது. மெதுவாக, வேகமாக, பாதியில் நிறுத்தி என்று எல்லா விதத்திலும் மிதித்து விட்டுப் பாருங்கள்.

தரைவிரிப்பையும் மறக்க வேண்டாம். 2009 ஆகஸ்ட்டில் கலிஃபோர்னியாவின் சான்டீ அருகே லெக்ஸஸ் கார் ஒன்றின் ஆக்சிலரேட்டர் ரப்பர் விரிப்பில் சிக்கி, காரில் இருந்த நால்வரும் இறந்தார்கள். அதன்பின் டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. பல மாடல்களில் பெடலின் அடிப்பகுதியை வெட்டிக் குட்டையாக்கியது. நாம் தகடு பொருத்தி நீளம் கூட்டும்போது அதற்கு நேரெதிர்த் திசையில் போகிறோம். ஆகவே தகட்டின் கீழ்முனை விரிப்பிலிருந்து விலகியே இருக்கட்டும். விரிப்பும் கொக்கியில் மாட்டியே இருக்கட்டும்.

கேபிள் இல்லாத கார்களில்

பிந்தைய கார்களில் பெடலில் இருப்பது கேபிளல்ல, சென்சார்கள். இரண்டு சென்சார்களின் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் கணினி எஞ்சினின் பலத்தைக் குறைத்துவிடும். அந்தப் பெட்டியைத் திறக்காமல் மேலே தகடு பொருத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலை எடுத்த பிறகும் சுழற்சி இறங்கச் சுணங்கினால், பெடலைக் குறைசொல்லுமுன் கணினியில் இன்னும் ஆட்டோமேட்டிக்கின் மென்பொருளே இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஆளில்லாத வாகனத் தரிப்பிடத்தில், குறைந்த வேகத்தில், பூட்ஸோடு அவசர பிரேக் போட்டுப் பாருங்கள். சுழற்சி ஒருமுறை ஏறினாலும் ஸ்பேசரைக் கழற்றிவிடுங்கள். தட்டத் தவறினால் கார் குலுங்கும், அவ்வளவுதான். இரண்டு பெடல்களும் சேர்ந்து அழுந்தினால் கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.