உங்கள் தெருவுக்கு ஒரு விவாத மேடை: இலவச மென்பொருளில் நீங்களே அமைக்கலாம்!

கம்ப்யூட்டர் வாங்கியாகி விட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்து விட்டது. சினிமா பார்ப்பது, ரயில் டிக்கெட் எடுப்பது எல்லாம் பழகி விட்டது. அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்கும் வாசகர்களுக்காகவே இந்த மாதப் பாடம். நாலு பேர் கூடிப் பேசும் ஒரு விவாதத் தளத்தை உங்கள் கம்ப்யூட்டரிலேயே அமைத்துப் பார்க்கப் போகிறோம். செலவு எதுவும் இல்லை. புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

"வாட்ஸ்அப் குழு இருக்கும்போது இது எதற்கு சார்?" என்று அடையாறில் என்னிடம் பாடம் கேட்க வரும் குடியிருப்புச் சங்கத்தார் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்க வாட்ஸ்அப் போதும். ஆனால், மூன்று வருடங்களுக்கு முன்பு லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பற்றி யார் என்ன சொன்னார், எதற்காக அந்த முடிவு எடுக்கப்பட்டது என்று தேடிப் பாருங்கள். பொங்கல் வாழ்த்துகளுக்கும் காலை வணக்கங்களுக்கும் நடுவில் அது எங்கோ புதைந்து கிடக்கும். விவாதத் தளத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு தனித் தலைப்பு. அதன் கீழே அதற்கான பதில்கள் மட்டும். பத்து வருடம் கழித்து வந்தாலும் அதே இடத்தில் அதே வரிசையில் இருக்கும்.

மயிலாப்பூர் ரசிகர்கள் காட்டும் வழி

இதற்கு நம் ஊருக்கு நெருக்கமான ஒரு நல்ல உதாரணம் உண்டு. கர்நாடக இசை ரசிகர்கள் கூடும் ரசிகாஸ் டாட் ஆர்க் தளம். மார்கழி சீசனில் தி.நகர் வாணி மகால், கிருஷ்ண கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், மியூசிக் அகாடமி என்று கச்சேரி கேட்டுவிட்டு வருபவர்கள், என்ன ராகம், யார் பக்கவாத்தியம் என்று அங்கே விரிவாக எழுதுகிறார்கள். கச்சேரி விமர்சனத்துக்கு ஒரு பிரிவு, ராகங்களுக்கு ஒரு பிரிவு, பாடல் வரிகளுக்கு ஒரு பிரிவு. சென்னையில் இருப்பவர் எழுத, அமெரிக்காவில் இருப்பவர் பதில் சொல்கிறார்.

அந்தத் தளத்தில் ஏதாவது ஒரு தலைப்பைத் திறந்து, பிரவுசரின் மேலே உள்ள முகவரியைக் கவனியுங்கள். 'வியூடாபிக்' என்ற சொல் தெரியும். அதன் பின்னால் 'டி' என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்தான் தலைப்பின் எண். இப்படி முகவரி இருந்தால் அந்தத் தளம் பெரும்பாலும் பிஎச்பிபிபி என்ற மென்பொருளில் இயங்குகிறது என்று ஊகிக்கலாம். அதே மென்பொருளைத்தான் நாமும் நிறுவப் போகிறோம்.

ஜேம்ஸ் அட்கின்சன் என்பவர் தன் சொந்த இணையதளத்துக்காக 2000-ம் ஆண்டு ஜூன் மாதம் எழுதத் தொடங்கியது இது. ஜிபிஎல் என்ற உரிமத்தின் கீழ் வெளியிடப்படுகிறது. அதாவது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். உள்ளே எழுதியிருக்கும் புரோகிராமைப் படிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். இதைத்தான் ஓப்பன் சோர்ஸ், கட்டற்ற மென்பொருள் என்றெல்லாம் சொல்கிறார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது?

நிறுவும் முன் இதைப் புரிந்து கொள்ளுங்கள். விவாதத் தளத்தின் பக்கங்கள் முன்கூட்டியே தயாராக வைக்கப்பட்டிருப்பதில்லை. உறுப்பினர்கள் எழுதுவது எல்லாம் ஒரு டேட்டாபேஸில் அட்டவணை அட்டவணையாகச் சேமிக்கப்படுகிறது. உறுப்பினர்களுக்கு ஒரு அட்டவணை, தலைப்புகளுக்கு ஒன்று, பதிவுகளுக்கு ஒன்று. நீங்கள் ஒரு தலைப்பை க்ளிக் செய்ததும், பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட புரோகிராம் டேட்டாபேஸிலிருந்து அந்தப் பதிவுகளை எடுத்து, பக்கமாகக் கட்டி, வெப் சர்வர் வழியாக உங்களுக்கு அனுப்புகிறது. ஆக, நமக்குத் தேவை மூன்று: வெப் சர்வர், பிஎச்பி, டேட்டாபேஸ். இந்த மூன்றையும் ஒரே பொட்டலமாகத் தரும் மென்பொருள்தான் ஸாம்ப் (எக்ஸ், ஏ, எம், பி, பி என்ற ஐந்து எழுத்துகள்). இதுவும் இலவசம்.

படிப்படியாகச் செய்வோம்

1. அப்பாச்சி ஃபிரண்ட்ஸ் தளத்திலிருந்து விண்டோஸுக்கான ஸாம்ப்பை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். 'சி' டிரைவில் ஸாம்ப் என்ற ஃபோல்டர் உருவாகும்.

2. ஸாம்ப் கன்ட்ரோல் பேனலைத் திறந்து, 'அப்பாச்சி', 'மைஎஸ்க்யூஎல்' என்ற இரண்டுக்கும் எதிரே உள்ள 'ஸ்டார்ட்' பட்டனை அழுத்துங்கள். இரண்டும் பச்சை நிறத்துக்கு மாற வேண்டும்.

3. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று டைப் செய்து, ஒரு சாய்கோடு போட்டு, பிஎச்பிமைஅட்மின் என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். அங்கே 'நியூ' என்பதை க்ளிக் செய்து, எஸ், ஏ, பி, ஏ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளில் 'சபா' என்று ஒரு டேட்டாபேஸ் உருவாக்குங்கள். சிறிய எழுத்துகளாக இருக்கட்டும்.

4. பிஎச்பிபிபியின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து முழுத் தொகுப்பை டவுன்லோட் செய்யுங்கள். வேறு தளங்களிலிருந்து எடுக்க வேண்டாம். ஜிப் ஃபைலைப் பிரித்தால் ஒரு ஃபோல்டர் கிடைக்கும். அதன் பெயரையும் சபா என்று மாற்றி, ஸாம்ப்பின் உள்ளே 'எச்டிடாக்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் போடுங்கள்.

5. இப்போது பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், சாய்கோடு, சபா என்று கொடுங்கள். இன்ஸ்டால் பக்கம் தோன்றும். முதலில் நிர்வாகியின் பெயர், இமெயில், பாஸ்வேர்டு கேட்கும். இந்த பாஸ்வேர்டை நோட்டில் குறித்து வையுங்கள்.

6. அடுத்து டேட்டாபேஸ் விவரம். வகை: மைஎஸ்க்யூஎல்ஐ. சர்வர்: லோக்கல்ஹோஸ்ட். பயனர்: ரூட். பாஸ்வேர்டு: காலியாக விடுங்கள். டேட்டாபேஸ் பெயர்: சபா. இமெயில் அமைப்பு கேட்கும் பக்கத்தில் இப்போதைக்கு 'டிஸேபிள்' கொடுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் மெயில் சர்வர் இல்லை அல்லவா?

7. எல்லாம் முடிந்ததும் சபா ஃபோல்டருக்குள் உள்ள 'இன்ஸ்டால்' ஃபோல்டரை நீக்கி விடுங்கள். அது இருக்கும் வரை நிர்வாகப் பகுதி மட்டுமே திறக்கும். பாதுகாப்புக்காகச் செய்திருக்கும் ஏற்பாடு இது.

தளம் தயார்! பிஎச்பிபிபியின் மூன்றாம் பதிப்பு 2007-ல் வந்ததிலிருந்து முழுக்க யூனிகோடில் இயங்குகிறது. எனவே தமிழில் தாராளமாக எழுதலாம். இவருக்கு ஒரு எழுத்துரு, அவருக்கு வேறொரு எழுத்துரு என்று பெட்டி பெட்டியாகத் தெரிந்த காலம் போய் விட்டது.

பிரிவுகள் அமைப்பது

நிர்வாகப் பகுதியில் 'ஃபோரம்ஸ்' என்ற தாவலுக்குப் போனால் புதிய பிரிவுகளை உருவாக்கலாம். குடியிருப்புச் சங்கம் என்றால் தண்ணீர், பராமரிப்பு, கணக்கு, அறிவிப்பு என்று நான்கு போதும். ஆரம்பத்திலேயே இருபது பிரிவுகள் வைத்தால் எல்லாம் காலியாகக் கிடக்கும்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் திகைப்பார்கள். பிரிவை உருவாக்கிய பிறகும் உறுப்பினர்கள் கண்ணுக்கு அது தெரியாது! காரணம், யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற அனுமதி தரப்படவில்லை. பிரிவை உருவாக்கும் பக்கத்திலேயே 'காப்பி பெர்மிஷன்ஸ் ஃப்ரம்' என்று ஒரு வரி இருக்கும். அதில், இன்ஸ்டால் செய்யும்போதே தானாக வந்த முதல் பிரிவைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது.

வேண்டாத விருந்தாளிகள்

தளத்தை இணையத்தில் ஏற்றிய சில நாட்களிலேயே விளம்பர ரோபோக்கள் உறுப்பினர்களாகச் சேர வரிசையில் நிற்கும். தடுக்க எளிய வழி உண்டு. நிர்வாகப் பகுதியில் 'ஸ்பாம்பாட் கவுன்டர்மெஷர்ஸ்' என்ற இடத்தில் கேள்வி-பதில் முறையைத் தேர்ந்தெடுங்கள். "கபாலீசுவரர் கோயில் எந்த ஊரில் உள்ளது?" என்று தமிழில் ஒரு கேள்வி வையுங்கள். மயிலாப்பூர், மயிலை, திருமயிலை என்று சரியான பதில்களை வரிக்கு ஒன்றாகக் கொடுங்கள். நம் ஊர்க்காரர் உடனே பதில் சொல்லி விடுவார். ரோபோ திண்டாடும். கூடவே, புதிய கணக்குகளை நிர்வாகி பார்த்து அனுமதிக்கும்படி வைத்தால் இன்னும் நல்லது.

அப்டேட் மறக்காதீர்கள்

2004 டிசம்பரில் சான்டி என்ற வார்ம் பரவியது. பழைய பிஎச்பிபிபியில் இருந்த ஓர் ஓட்டையைப் பயன்படுத்தி, கூகுள் தேடல் மூலமே அடுத்தடுத்த தளங்களைக் கண்டுபிடித்து, ஆயிரக்கணக்கான தளங்களின் பக்கங்களை அழித்து எழுதியது. இதில் வேதனையான விஷயம், ஓட்டையை அடைத்த புதிய பதிப்பு அதற்கு ஒரு மாதம் முன்பே வெளிவந்து விட்டது! அப்டேட் செய்தவர்கள் தப்பித்தார்கள். புதிய பதிப்பு வந்தால் அந்த வாரமே போட்டு விடுங்கள்.

பேச்சு யாருக்குச் சொந்தம்?

இத்தனை சிரமம் ஏன் என்பதற்கு என் பதில் இதுதான். இணையத்தில் தமிழ் வளர்ந்த நாட்களில் மரத்தடி, ராயர் காபி கிளப், அகத்தியர் போன்ற குழுக்கள் யாஹூ குரூப்ஸில் நடந்தன. கதை, கவிதை, இலக்கணம், சண்டை, சமாதானம் என்று ஆயிரக்கணக்கான கடிதங்கள். 2019 அக்டோபரில் யாஹூ, குழுக்களின் பழைய பதிவுகளையும் ஃபைல்களையும் நீக்கப் போவதாக அறிவித்தது. சில வாரங்களே அவகாசம். 2020 டிசம்பர் 15 அன்று அந்தச் சேவையே மூடப்பட்டது. யாராவது தனியாக எடுத்து வைத்திருந்தால்தான் அந்த எழுத்து இன்று உண்டு. 2014-ல் ஆர்குட் மூடப்பட்டபோதும் இதே கதைதான். இலவசமாகக் கிடைத்த திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். வீட்டுக்காரர் கதவைச் சாத்தி விட்டார்.

நீங்களே நடத்தும் தளத்தில் டேட்டாபேஸ் உங்கள் கையில் இருக்கிறது. ஒரு ஹோஸ்டிங் நிறுவனம் சரியில்லை என்றால் மூட்டையைக் கட்டிக் கொண்டு அடுத்த நிறுவனத்துக்குப் போகலாம். ஆனால் ஒரு நிபந்தனை, பேக்கப் எடுத்திருக்க வேண்டும். பிஎச்பிமைஅட்மினில் சபா டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்து 'எக்ஸ்போர்ட்' கொடுங்கள். எல்லாப் பதிவுகளும் ஒரே ஃபைலாக வந்து விடும். அத்துடன் தளத்தின் ஃபோல்டர் முழுவதையும் பிரதி எடுத்து பென் டிரைவில் வையுங்கள். படங்களும் இணைப்புகளும் டேட்டாபேஸில் இல்லை, ஃபோல்டரில்தான் இருக்கின்றன. மாதம் ஒருமுறை, குடியிருப்புச் சங்கக் கூட்டத்தன்றே செய்தால் மறக்காது. சங்கத்தில் இன்னொருவருக்கும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

கவனிக்க வேண்டியவை

லோக்கல்ஹோஸ்டில் உள்ள தளம் பயிற்சிக்கு மட்டுமே. ஸாம்ப்பில் டேட்டாபேஸுக்கு பாஸ்வேர்டு கூட இல்லை என்பதைப் பார்த்தீர்கள். வெளியுலகுக்குத் திறக்க, டொமைன் பெயரும் ஹோஸ்டிங்கும் வாங்கி, அங்கே இதே படிகளைச் செய்ய வேண்டும்.

பிஎச்பிபிபி பிடிக்கவில்லை என்றால் எஸ்எம்எஃப், மைபிபி இரண்டையும் பாருங்கள். இவையும் ஓப்பன் சோர்ஸ்தான். 2013-ல் வந்த டிஸ்கோர்ஸ் மொபைலில் அழகாகத் தெரியும். ஆனால் அதற்குத் தனி சர்வர் வேண்டும், சாதாரண ஹோஸ்டிங் போதாது. புதியவர்கள் முதலில் பிஎச்பிபிபியில் கை பழகுவதே நல்லது.

இந்த வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தளத்தை அமைத்து, இரண்டு பிரிவுகள் வைத்து, வீட்டில் உள்ளவர்களை உறுப்பினராக்கி எழுதச் சொல்லுங்கள். பிறகு பேக்கப் எடுத்து, தளத்தை அழித்து விட்டு, பேக்கப்பிலிருந்து மீண்டும் கொண்டு வந்து பாருங்கள். அது வந்து விட்டால், நிஜமான மனிதர்களின் பேச்சை உங்களை நம்பி ஒப்படைக்கலாம்.