காசநோய்ச் சிகிச்சையும் மின்னணுப் பதிவேடும்

காசநோயைத் தீர்க்கும் மருந்துகள் உள்ளன. சிகிச்சை இடையில் அறுபடாமல் நடப்பதே அரிது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத காலம் மருந்து உட்கொள்ள வேண்டும். ஆனால் சில வாரங்களிலேயே இருமல் தணிந்து உடல் தேறுவதால், நோய் நீங்கிற்றென்று பலர் நிறுத்திவிடுகின்றனர். மருந்துக்கு மடியாத கிருமிகள் தோன்ற இது வழி செய்கிறது.

நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்பதை, 1956இல் சென்னையில் நிறுவப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையம் மெய்ப்பித்தது. சானடோரியத்தில் படுத்திருப்பவரைக் காண்பது எளிது. வீட்டிலிருப்பவரைத் தொடர்ந்து கவனிக்கப் பதிவேடே துணை.

மும்பையிலுள்ள தாராவியை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்குச் சென்ற தமிழர்கள் பல தலைமுறைகளாக அங்கு வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவருக்குச் சயான் மருத்துவமனையில் நோய் கண்டறியப்படுகிறது. அவர் சில நாள் மாதுங்காவில் தனியார் வைத்தியரிடம் செல்கிறார். பின்னர் செம்பூருக்குக் குடி பெயர்கிறார். கோயில் கொடைக்கு ஊர் திரும்புகிறார். சிகிச்சை அட்டையோ தாராவியில் தங்கிவிடுகிறது. ‘சிவப்பு மாத்திரை’ என்பதற்கு மேல் ஊர் டாக்டரிடம் சொல்ல அவருக்குத் தெரியாது.

இக்குறையைப் போக்க 2012இல் மத்திய அரசு ‘நிக்ஷய்’ என்னும் கணிப்பொறிப் பதிவு முறையை ஏற்படுத்தியது. காசநோயாளிகளைப் பற்றித் தனியார் வைத்தியரும் அரசுக்கு அறிவிப்பது அவ்வாண்டிலேயே கட்டாயமாயிற்று. நோயாளிக்கு ஓர் எண் அளிக்கப்படுகிறது. அவர் ஊர் மாறுங்கால், தாராவி ஊழியர் பதிவைத் திருநெல்வேலி நிலையத்துக்கு மாற்றுகிறார். அங்குள்ளோர் அதை ஏற்றதும் சிகிச்சை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2021இல் நாடெங்கும் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம், 14 இலக்க எண்ணின் வாயிலாக இவ்வசதியை எல்லா நோய்களுக்கும் விரிக்க முயல்கிறது. நோயாளியின் இசைவின்றி அவ்விவரங்களைப் பிறர் காணலாகாது.

எனினும் கணிப்பொறி தானாக எதையும் அறியாது. சுப்பையா என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒருவிதமாகவும், மற்றொருவர் வேறு விதமாகவும் எழுதுவர். தொலைபேசி எண் முதலாளியுடையதாக இருக்கும். ஒரே மனிதருக்கு இரண்டு எண்கள் விழுந்தால், ஒன்றில் அவர் சிகிச்சையை விட்டவர், மற்றொன்றில் புது நோயாளி! 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்ட ஊட்டச்சத்து உதவியும் இப்பதிவை ஒட்டியே வங்கிக் கணக்கில் சேர்வதால், பிழை நேர்ந்தால் பணமும் தடைப்படலாம். பகலெல்லாம் தாளில் குறித்ததை மாலையில் மீண்டும் கணிப்பொறியில் ஏற்றும் இரட்டை வேலை இத்தகைய பிழைகளைப் பெருக்குகிறது. இதற்கு ஊழியரை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று.

புது எண் வழங்குமுன், முன்பு எங்கேனும் மாத்திரை உண்டதுண்டா என வினவிப் பழைய எண்ணைத் தேடுக. ஊருக்குச் செல்லும் நாளை முன்னதாகவே கேட்டறிந்து, நோயாளி ரயில் ஏறுமுன் பதிவை மாற்றி, எண்ணை ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுத்தனுப்புக.