சவரக்கத்தி: தேர்வும் பயிற்சியும்

தோற்றுவாய்

முகமழித்தல் இளைஞர் வாழ்வில் நாடோறும் நிகழ்வதொரு செயல். பாடத்திட்டத்துள் அஃது இடம்பெறாமையின் அதனைக் கற்பிப்பாரும் இலர். முறையாகக் கற்பாரும் இலர். கிடைத்த கருவியைக் கிடைத்தவாறு இழுத்துவிட்டு, கன்னத்தில் எரிச்சலோடு முதல் மணி வகுப்பிற்கு விரைவதே விடுதி மாணவர் பெரும்பாலார் வழக்கம். மழித்தல் என்னும் சொல்லோ மிகப் பழையது. திருவள்ளுவர் 'கூடாவொழுக்கம்' என்னும் அதிகாரத்தில் அதனை ஆண்டுள்ளார். அப்பழந்தொழிலை அதற்குரிய பழங்கருவி கொண்டே பயில விழையும் நண்பர்கட்குச் சில குறிப்புக்கள் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈண்டுச் சவரக்கத்தி என்றது, பிடிக்குள் மடங்குவதும், ஒரே அலகுடையதும், தீட்டித் தீட்டிப் பல்லாண்டு வழங்கத்தக்கதுமாகிய கத்தியை. இக்காலத்து முடிதிருத்தகங்களில் நாம் பெரிதும் காண்பது, பிளேடினைப் பாதியாக ஒடித்துச் செருகி, ஒருவர்க்குப் பயன்படுத்தியபின் எறிந்துவிடும் கருவியாகும். பலர் வந்துசெல்லும் இடத்தில் குருதி வழியே நோய் பரவாமைக்கு அதுவே தக்கது. தீட்டும் கத்தி ஒருவர்க்கே உரியது; உடன்பிறந்தார்க்கும் அறைத்தோழர்க்கும் அதனை இரவல் கொடுத்தல் கூடாது.

எஃகின் சிறப்பு

கத்தியின் மதிப்பு அதன் பிடியின் அழகில் இல்லை. எஃகின் தன்மையில் உள்ளது. இதனை அதன் வரலாறே காட்டும். 1740-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் ஷெப்பீல்டு நகரையடுத்து வாழ்ந்த பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளர், எஃகினை மூசையில் இட்டு முற்றும் உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். அதனால் எங்கும் ஒரே சீரான எஃகு கிடைத்தது. சவரக்கத்திக்குப் பெயர்பெற்ற ஊராகவும் ஷெப்பீல்டு வளர்ந்தது.

ஆயின், மூசையில் எஃகு ஆக்கும் கலை நம் தென்னாட்டிற்குப் புதியதன்று. இங்கிருந்து சென்ற எஃகினை ஆங்கிலர் 'வூட்ஸ்' என்றனர். அது கன்னடத்து 'உக்கு' என்னும் சொல்லின் திரிபு என்பர் அறிஞர். நம் 'உருக்கு' என்பதும் அதனோடு உறவுடைய சொல்லே. இலண்டன் மாநகரில் கத்தித் தொழில் நடத்திய ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பார், ஐரோப்பிய எஃகினும் இவ்விந்திய எஃகே சிறந்ததெனக் கருதிச் சவரக்கத்தியும் அறுவைக் கருவியும் அதனாற் செய்து விற்றார். மின்னியல் அறிஞராகப் பின்னர்ப் புகழெய்திய மைக்கேல் பாரடே 1819-இல் அதனைப் பகுத்தாய்ந்தார். 1820-இலும் 1822-இலும் ஸ்டோடார்ட்டுடன் கூடி, எஃகோடு வெள்ளி முதலிய உலோகங்களைக் கலந்து செய்த ஆய்வுகளை வெளியிட்டார். ஒரு சவரக்கத்தியின் கூரை நாடி இத்துணை அறிவு உழைத்திருக்கின்றது.

1904-இல் அமெரிக்கராகிய கிங் கேம்ப் ஜில்லெட் தம் பாதுகாப்புக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். தீட்டவேண்டாத மெல்லிய பிளேடு வந்தது; தீட்டும் கல்வி வீடுகளினின்றும் மறையலாயிற்று. பழங்கத்தியை எடுப்பார் இழந்த அக்கல்வியையே முதலிற் பெறல்வேண்டும். ஏனெனில், கூர் என்பது ஒருமுறை விலைக்கு வாங்கி வைக்கும் பொருளன்று. நாடோறும் கையாற் காக்கும் பொருள்.

கத்தியைத் தேர்தல்

கத்திக்கு முதுகு, வாய், நுனி, வால் என உறுப்புக்கள் உள. முதுகினின்று வாய்வரையுள்ள அகலத்தை அங்குலத்தின் எட்டிலொரு கூற்றால் அளப்பர். முதற்கண் பயில்வார்க்கு 5/8 அல்லது 6/8 அங்குல அகலம் ஏற்றது. அதனினும் குறுகியது நுரையை விரைவில் நிரப்பிக்கொள்ளும். அகன்றது மூக்கின்கீழ்ச் செல்லாது இடர்ப்படுத்தும். நுனி வட்டமாக இருத்தல்வேண்டும். சதுரநுனி பயிற்சியில்லாதவன் காதோரத்தைக் குத்திவிடும். அலகின் இருபக்கமும் குழிவாகச் சாணை பிடிக்கப்பெற்றிருக்கும். குழிவு மிக்கது வளைந்து கொடுக்கும்; குழிவற்றது ஆப்புப்போற் கனக்கும். இரண்டிற்கும் இடைப்பட்ட அரைக்குழிவே தொடக்கத்திற்கு நன்று.

ஜெர்மனி நாட்டுச் சோலிங்கன், பிரான்சு நாட்டுத் தியேர் என்னும் நகரங்கள் இத்தொழிலில் நெடும்புகழ் வாய்ந்தன. சோலிங்கன் என்னும் பெயரைப் பிறவூர்க் கத்திகளிற் பொறியாமைக்கு 1938-இலேயே சட்டம் செய்தனர். தெருவோரத்திற் பளபளப்பாக விற்கும் மலிவான கத்திகளுட் பல, உருவத்தாற் கத்தியேயன்றிக் கூர் ஏற்கும் எஃகினால் ஆயவை அல்ல. சிக்கனம் எனக் கருதி அவற்றை வாங்கும் மாணவன் பணத்தையும் இழந்து, மழித்தலே தனக்கு வாராது என்று மனமும் சோர்வான்.

பாட்டனார் பெட்டியிற் பழங்கத்தி கிடைக்குமாயின் அதனை இகழற்க. சமமான கண்ணாடிமேல் வைத்து அலகு கோணியுள்ளதா என்று பார்க்க. முதுகில் உள்ள கறை கேடன்று. வாயருகே துருவரித்த குழியோ, நுண்ணிய விரிசலோ உளதேல் அதனை விட்டுவிடுக. பழம்பிடிகள் கொதிநீரைத் தாங்கா; ஆதலின் சாராயஸ்பிரிட் கொண்டு துடைத்துத் தூய்மை செய்க. புதுக்கத்தியும் மழிக்கத்தக்க கூரோடு வருமென்பது உறுதியன்று, 'தீட்டித் தருவீர்களா?' என்று கேட்டே வாங்குக.

தீட்டுதல்

தீட்டுதல் இருவகைத்து: கல்லில் தீட்டுவது ஒன்று, தோலில் தீட்டுவது மற்றொன்று. கல் கூரை ஆக்கும். தோல் கூரைக் காக்கும். 1000 என்னும் எண்ணுடைய கல் வாயின் சரிவை அமைக்க, 4000, 8000 எண்ணுடையன அதனை நுணுக்கும், 12000 மெருகூட்டும். இரண்டு மூன்று திங்களுக்கு ஒருமுறையே கல் வேண்டப்படும். முதலாண்டில் அதனைத் தேர்ந்தாரிடம் ஒப்படைத்தலே அறிவுடைமை.

தோல்வாரோ நாடோறும் வேண்டும். அலகு முழுதும் படியுமாறு மூன்றங்குல அகலமுடைய வாரைத் தேர்க. ஒருமுனையை ஆணியில் மாட்டி, மறுமுனையை இறுகப் பிடித்து, கத்தியின் முதுகும் வாயும் ஒருங்கே தோலிற் படியுமாறு கிடத்துக. முதுகு முன்செல்ல வாய் பின்தொடர வேண்டும். திருப்புங்கால் முதுகின்மீதே புரட்டல்வேண்டும். வாயின்மீது புரட்டின் ஒருநொடியிற் கூரும் கெடும், தோலும் அறுபடும். வார் தளரினும் கூர் மழுங்கும். முதலில் மிக மெல்லப் பழகுக. விரைவு தானே வரும். ஐம்பது முறை போய்வந்தாற் போதும்.

எஃகினும் மிக மென்மையான மயிர் எஃகினை எங்ஙனம் மழுக்கும் என்று வினவலாம். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2020-இல் 'சயன்ஸ்' இதழில் இதற்கு விடை கூறினர். மயிர் எஃகினும் ஏறத்தாழ 50 மடங்கு மென்மையது. எனினும் அது வளைந்து சாய்வாக வாயைத் தாக்குமிடத்து, எஃகின் உள்ளமைப்புச் சீரற்ற புள்ளியில் நுண்ணிய சில்லு பெயர்கின்றது என்பது அவர்கள் கண்ட உண்மை. சீரான எஃகைத் தேர்க என்னும் பழைய அறிவுரைக்கு இது புதிய சான்று.

மழிக்கும் முறை

நீராடியபின் மழிப்பது நன்று. நீர் ஊறிய மயிர் எளிதில் அறுபடும். தூரிகையாற் சவர்க்காரத்தை நன்கு குழைத்து, தயிர்போல் திரண்ட நுரையை முகத்திற் பரப்புக. பன்றிமயிர்த் தூரிகையே போதும், விலையுயர்ந்தது வேண்டா. இனி, ஒருகையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியைத் தோலுக்கு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் வைத்து, மயிர் படிந்த வழியே ஓரங்குல அளவாகக் குறுக இழுக்கவும். கோணம் மிகின் தோல் சுரண்டப்படும். குறையின் மயிர் பிடுங்கப்படும். அழுத்தவே கூடாது, கத்தியின் எடையே போதுமானது. வாயின் நீளவாக்கிற் கத்தியை ஒருபோதும் நகர்த்தற்க. காயம் உண்டாவது பெரும்பாலும் அதனாலேயே. கத்தி கைநழுவின் விழவிடுக, பிடிக்க முயலற்க.

முதல் வாரம் கன்னங்கள் இரண்டை மட்டுமே இங்ஙனம் மழித்து, எஞ்சியதை வழக்கமான கருவியால் முடிக்க. அடுத்த வாரம் கழுத்து. அதன்பின் மோவாயும் மேலுதடும். கத்தி மயிரைப் பிடித்து இழுக்குமாயின் வலிமையைக் கூட்டற்க. நிறுத்தித் தோல்வாரிடம் செல்க. மழுங்கிய கத்திதான் அழுத்தத் தூண்டும், அழுத்தமே புண்ணாக்கும். முடிந்தபின் குளிர்நீரிற் கழுவி, ஈரமுகத்திற் படிகாரக்கல்லைத் தடவுக. சிறு கீறல்களிற் குருதி நிற்கும். கத்தியை ஈரமறத் துடைத்துக் காற்றாட வைத்தபின்னரே மடித்தல்வேண்டும். கடற்கரை ஊர்களில் வாழ்வார் தையல் இயந்திர எண்ணெய் ஒருதுளி பூசிவைப்பாராக. உப்புக்காற்று எஃகிற்குப் பகை.

முடிவுரை

இத்தனையும் செய்யக் காலையிற் கால்மணி நேரமேனும் வேண்டும். அதனை வீண் என்பாரும் உளர். ஆயின் இக்கல்வியால் வரும் பயன் மழமழப்பான கன்னம் மட்டுமன்று. தன் கன்னத்தையே தான் மழிக்கத் திங்கள் பல பயிலவேண்டியிருக்க, பிறர் கழுத்தின்மேற் கத்தி வைத்து ஒரு கீறலுமின்றி நாடோறும் பலரை எழுப்பிவிடும் முடிதிருத்துவோர் கைத்திறம் எத்தகையது என்பதைக் கத்தி பிடித்தவனே அறிவான். அத்தொழிலாளரை நம் நாட்டார் நெடுங்காலம் தாழ்த்தி வைத்தனர். தம் உயிர்நிலையை மட்டும் அவர் கையில் அஞ்சாது கொடுத்தனர். சவரக்கத்தி பயிலும் மாணவன் இம்முரண்பாட்டைத் தன் விரல்நுனியில் உணர்வான். உணர்ந்து, அடுத்தமுறை அவர்முன் அமருங்கால் ஒரு தொழிலாசிரியர்முன் அமரும் மதிப்போடு அமர்வானாயின், அவன் கற்ற கல்வி நிறைவுற்றதாகும்.