சீட்டில் உள்ளதே பெட்டியிலும்

பாடாங் செராய்



இலங்கையிலிருந்து தேயிலை தருவித்து, நம் ஊரிலும் கூலிமிலும் சுங்கைப்பட்டாணியிலும் விற்க உத்தேசித்திருப்பதாக நீ எழுதிய கடிதம் கண்டு மகிழ்ந்தேன். இலாபத்தைப் பற்றிச் சொல்லப் பலர் இருப்பார்கள். ஆகையால், சரக்கு பட்டர்வொர்த் துறைமுகத்தில் இறங்குமுன் நீ அறியவேண்டிய விதிகளையும் அவற்றின் தாத்பரியத்தையும் மட்டுமே எழுதுகிறேன்.

நம் மலேசிய அரசாங்கம் கேட்கும் கேள்விகள் இரண்டு. சரக்கு யாது, அதன் மதிப்பு யாது என்பது 1967ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் கேள்வி. அருந்துபவருக்கு அதனால் தீங்கு நேருமோ என்பது 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கேள்வி.

முதற்கேள்விக்குக் கே-1 என்னும் இறக்குமதிப் படிவத்தில் விடை எழுதவேண்டும். உலகச் சுங்க அட்டவணையில் தேயிலைக்குரிய தலைப்பு 0902; அதனுள்ளும், பச்சைத் தேயிலையா கறுப்புத் தேயிலையா, பொட்டலம் 3 கிலோவுக்கு உட்பட்டதா மேற்பட்டதா என்பதற்கேற்ப உட்பிரிவு மாறும். ஆதலால் விலைப்பட்டியலும் கப்பற்சீட்டும் படிவமும் பெயரிலும் எடையிலும் ஒன்றுபட்டிருத்தல் அவசியம்.

இரண்டாவது கேள்வியை விசாரிப்பது சுகாதார அமைச்சு. அதன் ஃபோசிம் என்னும் கணினி முறையில் நீ இறக்குமதியாளனாகப் பதிந்துகொண்டபின், வரும் ஒவ்வொரு சரக்கும் ஆறு படிகளுள் ஒன்றில் வைக்கப்படும்: முதற்படியில் தடையின்றி வெளியேறும், இரண்டாவதில் பத்திரங்களைப் பார்ப்பார்கள், மூன்றாவது, நான்காவது படிகளில் சரக்கையே பரிசோதிப்பார்கள், ஐந்தாவதில் ஆய்வுக்கூடத்து முடிவு வரும்வரை நிறுத்திவைப்பார்கள், ஆறாவதோ நிராகரிப்பு. மேலும், 1985ஆம் ஆண்டு உணவு விதிகளின்படி, பொட்டலத்தின் மேற்சீட்டில் உற்பத்தியான நாட்டின் பெயரும் உன் பெயரும் வியாபார விலாசமும் இருந்தாக வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று சலித்துக்கொள்ளாதே. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைச் சரக்கொன்றில் தானியத்தை அரிக்கும் கப்ரா வண்டு காணப்பட்டதென்று ருஷ்யா அந்நாட்டுத் தேயிலை முழுவதற்கும் தற்காலிகத் தடை விதித்தது. அம்மாத இறுதியிலேயே தடை நீங்கியதெனினும், ஒரு வண்டினால் ஒரு தேசத்தின் வர்த்தகமே கலங்கிற்று.

வண்டேயன்றிக் கலப்படத்தையும் கவனிக்கவேண்டும். சாயம் கலந்த தூளை நீயே கண்டுபிடிக்கலாம். வடிதாளில் சிறிது தூளைப் பரப்பி நீர் தெளி. பின் தூளைக் கழுவிவிட்டுத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார். கலப்படமாயின் கறை உடனே படிந்திருக்கும். காந்தத்தைத் தூளினூடே மெல்ல நகர்த்தினால், இரும்புத்துகள் இருப்பின் ஒட்டிக்கொள்ளும்.

விடியுமுன் ரப்பர்ப் பால்வெட்டுக்குப் புறப்படும் தோட்டத்துத் தாய், தான் ஆற்றும் தேத்தண்ணீரை எந்த ஆய்வுக்கூடத்திலும் சோதித்துப் பார்க்க முடியாது. உன் சீட்டை நம்பியே வாங்குகிறாள். அந்த நம்பிக்கையைக் காப்பதே இச்சட்டங்களின் சாரம். ஆகவே, முதல் தடவை சிறு சரக்காகவே தருவி. ஆய்வுச் சான்றிதழை அது கப்பலேறுமுன் கேட்டு வாங்கு. சந்தேகமுள்ள தூளை, விலை எவ்வளவு மலிவாயினும், வாங்காதே.

உன் நலம் நாடும்
பெரியப்பா